பொதுக்கொள்கை படிக்கப் போகிறவர்கள் வளாகத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பொதுக்கொள்கை என்ற சொல் வடக்கு கிழக்கில் அன்றாடம் புழங்குவதில்லை. ஆனால், ஏதோ ஒரு பொதுக்கொள்கையின் விளைவுக்குள் வாழ்ந்திராத தமிழ்க் குடும்பம் இங்கு இல்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் ஒரு பொதுக்கொள்கை. முதலில் மொழிமூலத்தின் அடிப்படையில் புள்ளிகள் சரிக்கட்டப்பட்டன. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. தமிழ் இளைஞர்கள் அரசின் மீது நம்பிக்கை இழந்ததற்கு அது ஒரு முக்கிய காரணமானது.

இன்று கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் அனுமதி வழங்கப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களிலிருந்து ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குப் போவதற்கு இந்த மாவட்ட முறை வழிவிடுகிறது. ஒரு தலைமுறைக்குக் காயமாக இருந்த கருவி இன்னொரு தலைமுறைக்குக் கதவாகவும் இருக்கிறது. அது யாருக்குக் கதவு, யாருக்குச் சுவர், அதை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்டு, பதிலைக் கணக்கோடு காட்டக் கற்றுத்தருவதுதான் பொதுக்கொள்கைக் கல்வி.

இந்தப் படிப்பில் முதுமாணிப் பட்டம் செய்வதற்கு இரண்டு இடங்களில் எனக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு வளாகங்களுக்கும் நேரில் போய்ப் பார்த்த பிறகே ஒன்றைத் தெரிவு செய்தேன். வடக்கு கிழக்கிலிருந்து இந்தத் துறைக்குப் போக நினைக்கும் இளையவர்கள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் விபரம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன். எனக்கு அனுமதி தந்த இரு இடங்களினதும் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இது விளம்பரமாகவோ தரவரிசையாகவோ வாசிக்கப்படக்கூடாது.

இரும்பு வீட்டிலிருந்து ஒரு பாடம்

இதில் என்ன படிப்பிக்கிறார்கள்? நுண்பொருளியல், புள்ளிவிபரவியல், அரசியல் பகுப்பாய்வு, வரவு செலவுத்திட்டம், முகாமைத்துவம், அறவியல் ஆகியவை எங்கு படித்தாலும் அநேகமாக இருக்கும். அமெரிக்காவின் பேர்க்லி வளாகத்தில் 1969இல் தொடங்கப்பட்ட பொதுக்கொள்கைக் கல்லூரியில் படிப்பித்த யூஜின் பார்டாக் இந்த வேலையை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். பிரச்சினையை வரையறுத்தல், சான்றுகளைத் திரட்டுதல், மாற்று வழிகளை அமைத்தல், எதைக்கொண்டு அளப்பது என்று தீர்மானித்தல், ஒவ்வொரு வழியின் விளைவையும் முன்கணித்தல், எதைப் பெற எதை இழக்கிறோம் என்று பார்த்தல், முடிவெடுத்தல், அதை மக்களுக்குப் புரியும்படி சொல்லுதல். அவரது கையேடு இன்றும் உலகெங்கும் பல வகுப்பறைகளில் பாவிக்கப்படுகிறது.

கேட்க வரட்சியாக இருந்தாலும், இந்த எட்டுப் படிகளும் எங்களுக்குப் புதியவையல்ல. 2015-2016 காலத்தில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகளை அமைக்கும் திட்டத்தை அரசாங்கம் முன்வைத்தது. ஒரு வீட்டுக்கான செலவு 20 இலட்சம் ரூபாவுக்கும் அதிகம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு வழங்கப்பட்டது ஐந்தரை இலட்சம். வீடு இல்லை என்பது பிரச்சினையா, அல்லது மக்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்ளப் பணம் இல்லை என்பது பிரச்சினையா? இந்த வெக்கைக்கு இரும்புச் சுவர் தாங்குமா? பழுதானால் ஊரில் யார் திருத்துவது? விறகடுப்பை எங்கு வைப்பது? மேசன்மாரின் வேலைக்கு என்ன நடக்கும்? அதே பணத்தில் எத்தனை கல்வீடு கட்டலாம்? அன்று பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் சிவில் சமூகத்தினரும் இப்படிக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் மாற்றுக் கணக்கையும் முன்வைத்தார்கள். கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்போடு கணக்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே இருக்கும் உதாரணம் இது.

ஒரு வருடமா, இரண்டு வருடமா?

பட்டத்தின் பெயர்களில் பலர் குழம்புகிறார்கள். பொதுக்கொள்கை முதுமாணி பகுப்பாய்வுக்குக் கூடிய இடம் கொடுக்கிறது. பொது நிர்வாக முதுமாணி நிறுவனங்களை நடத்துவதற்குக் கூடிய இடம் கொடுக்கிறது. ஆனால், சில இடங்களில் இந்த வேறுபாடு பெயரளவில்தான். ஹார்வர்டின் கென்னடி கல்லூரியில் பொதுக்கொள்கை முதுமாணி இரண்டு வருடம். அங்கேயே உள்ள சர்வதேச அபிவிருத்திக்கான பொது நிர்வாக முதுமாணியும் இரண்டு வருடம்தான், ஆனால் அது கணிதமும் பொருளியலும் மிகக் கனமான படிப்பு. ஒக்ஸ்ஃபோர்டின் பிளவட்னிக் கல்லூரியில் பொதுக்கொள்கை முதுமாணி ஒரு வருடம். சிங்கப்பூரின் லீ குவான் யூ கல்லூரியில் அது இரண்டு வருடம். இலங்கையில் அரச அலுவலர்களைப் பயிற்றும் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம் பொது முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் வழங்குகிறது. அரச வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்புவோர் அதையும் பார்க்கலாம்.

ஒரு வருடப் படிப்பில் செலவும் வருமான இழப்பும் குறைவு. ஆனால், அது வேகமான ஓட்டம். இரண்டு வருடப் படிப்பில் முதல் வருடம் அடிப்படைகளுக்குப் போகும். இரண்டாம் வருடத்தில் ஒரு உண்மையான அமைப்புக்காக, அதன் உண்மையான பிரச்சினையை எடுத்து ஆய்வு எழுதும் வாய்ப்பு பல இடங்களில் இருக்கிறது. ஹார்வர்டிலும் சிங்கப்பூரிலும் இதைக் கொள்கைப் பகுப்பாய்வுப் பயிற்சி என்று அழைக்கிறார்கள்.

அடுத்தது காசு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தனது பொது நிர்வாக முதுமாணி மாணவர்களின் கல்விக் கட்டணத்தைத் தானே ஏற்கிறது. ஆகவே, பெரிய பெயர் என்றால் பெரிய கடன் என்று விண்ணப்பிக்காமலே விலகிவிட வேண்டியதில்லை. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிக்கானது. அதற்குக் குறைந்தது 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட், அவுஸ்திரேலிய அரசின் புலமைப்பரிசில் ஆகியவற்றுக்கும் இதேபோல இரண்டு வருட நிபந்தனை உண்டு. வெளிநாட்டில் தங்கிவிட வேண்டும் என்பது குடும்பத்தின் எண்ணமாக இருந்தால், இந்த நிபந்தனைகளை விண்ணப்பிக்கும் முன்னரே வீட்டில் பேசிவிடுவது நல்லது. கையெழுத்து வைத்த பிறகு பேசுவது கஷ்டம்.

பெரியம்மாவின் கேள்வி

வளாகங்களுக்குப் புறப்படும் முன் வன்னியில் இருக்கும் என் பெரியம்மாவோடு தொலைபேசியில் கதைத்தேன்.

“அதைப் படிச்சா என்ன வேலை பிள்ளை?”

“வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போடுவினமல்லோ பெரியம்மா, அந்தப் புள்ளியை எப்பிடிப் போடுறது எண்டு தீர்மானிக்கிற மாதிரியான வேலை.”

“அப்ப எனக்கு ஆர் அப்பிடிப் புள்ளி போட்டவை எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லு.”

பெரியம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் செல்லடியில் செத்துப்போனார். இளையவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. மீள்குடியேறிய பின்னர் வந்த ஒரு வீட்டுத்திட்டத்தில் படிவம் நிரப்பினார்கள். குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை: ஒன்று. அங்கத்தவர் கூடினால் புள்ளி கூடும் என்பது விதி. இளையவரை அங்கத்தவராக எழுத முடியாது, அவர் வீட்டில் இல்லை. இறந்தவராக எழுதப் பெரியம்மா சம்மதிக்கவில்லை. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமல் போயிருக்கிறார் என்பதைப் பதிவுசெய்யும் சான்றிதழ் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் சட்டத்தில் வந்தது. அதற்கு முன் படிவத்தில் அவருக்கு இடமே இருக்கவில்லை. ஆக, யுத்தத்தில் பிள்ளைகளை இழந்ததாலேயே பெரியம்மாவின் புள்ளி குறைந்தது. பல வருடங்கள் தகரக் கொட்டிலிலேயே இருந்தார்.

அந்த விதியை எழுதியவர் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டுக்கு முதலில் கூரை வேண்டும் என்று நினைத்திருப்பார். யுத்தம் முடிந்த ஒரு நிலத்தில் தனியாள் என்றால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 2023 ஜூலையில் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியபோதும் இதே மாதிரியான கேள்விகள் எழுந்தன. 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் அளக்கப்பட்டன. விடுபட்டவர்கள் நாடெங்கும் பிரதேச செயலகங்களுக்கு முன்னால் திரண்டார்கள். இந்தக் கேள்வியைத்தான் நான் இரு வளாகங்களுக்கும் எடுத்துப்போனேன்.

இரண்டு வகுப்பறைகள்

முதலாவது வளாகம் பிரித்தானியாவில். லண்டனில் சித்தி வீட்டில் தங்கியிருந்த நாட்களில் போனேன். கண்ணாடிக் கட்டடம், அமைதியான நூலகம், ஒரு வருடப் படிப்பு. அனுமதி பெற்றவர்கள் வகுப்பில் இருந்து பார்க்கலாம் என்றார்கள். அன்றைய பாடம் தற்செயலாக எனக்கு வேண்டியதாகவே அமைந்தது. வருமானத்தை நேரடியாக அளக்க முடியாத நாடுகளில், வீட்டின் கூரை, நிலம், அங்கத்தவர் எண்ணிக்கை போன்றவற்றைக் கொண்டு வறிய குடும்பங்களை எப்படித் தெரிவது என்பதே பாடம். இந்த முறையில் இரண்டு வகைப் பிழைகள் நடக்கும். உதவி வேண்டியவர் விடுபடுவது ஒன்று. உதவி வேண்டாதவர் உள்ளே வருவது மற்றது. ஒன்றைக் குறைக்கப் போனால் பெரும்பாலும் மற்றது கூடும்.

கடைசியில் பெரியம்மாவின் கதையைச் சுருக்கிச் சொல்லிக் கேட்டேன். விரிவுரையாளர் கவனமாகக் கேட்டார். இது முதல் வகைப் பிழை, எந்தச் சூத்திரத்திலும் ஓரளவு இருக்கும், மொத்த வீதத்தைக் குறைப்பதே நோக்கம் என்றார். வாசிக்க வேண்டிய கட்டுரைகள் சிலவற்றின் பெயரையும் எழுதித் தந்தார். சரியான பதில்தான். ஒரு வருடத்தில் அவ்வளவு பாடத்தையும் முடிக்க வேண்டிய வகுப்பில் அதற்கு மேல் நேரமும் இருக்கவில்லை.

இரண்டாவது வளாகம் ஆசியாவில். கட்டடம் பழையது, சாப்பாட்டுக்கடையில் இரைச்சல். அங்கு நான் இருந்த வகுப்பில் மாணவர்கள் ஒரு பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கற்பனையான 20 குடும்பங்கள், கொடுப்பதற்கு 8 வீடுகள், எக்செல் தாளில் புள்ளிகள். நான் அதே கேள்வியைக் கேட்டபோது விரிவுரையாளர் என்னிடம் பதில் சொல்லாமல் வகுப்பிடம் கொடுத்துவிட்டார். தனித்து வாழும் முதியவருக்குக் கூடுதல் புள்ளி கொடுத்துப் பாருங்கள் என்றார். மாணவர்கள் எண்ணை மாற்றினார்கள். தனியாக இருந்த இரண்டு பெண்கள் பட்டியலின் உள்ளே வந்தார்கள். எனக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி.

“இப்போது வெளியே போன இரண்டு குடும்பங்களின் விபரத்தை வாசியுங்கள்” என்றார் விரிவுரையாளர். ஒன்றில் ஐந்து பிள்ளைகள். மற்றதில் நடமாட முடியாத தகப்பன். பிறகு என்னைப் பார்த்து, “இவர்களிடம் போய் இதைச் சொல்லப்போவது யார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பக்கத்தில் இருந்த நேபாள மாணவி, 2015 நிலநடுக்கத்துக்குப் பின்னர் வீடு கட்டக் கொடுத்த பணம் காணி உறுதி இல்லாதவர்களுக்குப் போய்ச் சேரப் பட்ட பாட்டைச் சொன்னார். புள்ளியை மட்டும் மாற்றாமல் மேன்முறையீட்டு முறையையும் எழுத வேண்டும் என்றார். படிவத்துக்குள் அடங்காத வீடுகளை ஊரவரே அடையாளம் காட்ட ஒரு வழி, அதைக் கேட்க வேண்டிய கட்டாயம் உள்ள ஒரு அலுவலர், பதில் தருவதற்கு ஒரு காலக்கெடு. பெரியம்மாவின் கொட்டிலுக்கு முன்னால் இந்த மூன்றில் ஒன்றுகூட வந்து நின்றதில்லை.

நான் தெரிந்தது

இரண்டாவது வளாகத்தையே தெரிவு செய்தேன். முதலாவதைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நிதி அமைச்சில் பத்து வருடம் வேலை செய்த ஒருவருக்கு அந்த ஒரு வருடம் மிகப் பொருத்தமாக இருக்கும். நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு, பிறகு ஊடகக் கற்கை. புள்ளிவிபரவியல் எனக்குப் புதிது. இரு இடங்களிலும் இரண்டாம் பருவ மாணவர்களை, நிர்வாகத்தினர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பிடித்து, முதல் பருவத்தில் எது கஷ்டம் என்று கேட்டேன். ஏறத்தாழ எல்லோரும் புள்ளிவிபரவியல் என்றார்கள். அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு நேரம் வேண்டும். கணக்கை வேறொருவர் போட, கதையை மட்டும் நான் எழுதிக் கொடுப்பதற்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

காசும் தீர்மானித்தது. முதலாவது இடம் கட்டணத்தின் ஒரு பகுதியைத்தான் தருவதாகச் சொன்னது. மிகுதியைச் சித்தி தருவதாகச் சொன்னார். ஆனால், சித்தப்பா இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. இரண்டாவது இடம் கட்டணத்தோடு மாதக் கொடுப்பனவும் தருகிறது. வகுப்பறை பாதி, காசு பாதி என்று சொல்வதே நேர்மை. கடனோடு படித்து முடிப்பவர் அதிகம் சம்பளம் தரும் வேலைக்கே போவார். அது கிளிநொச்சியில் இருக்காது.

இன்னொன்றையும் விசாரித்தேன். மாணவர்கள் தங்கள் ஆய்வுக்காக ஒரு ஊருக்குப் போய்த் தரவு எடுத்தால், முடிவை அந்த ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டுமா? 2009இலிருந்து வன்னியில் எத்தனை படிவம் நிரப்பினோம் என்று எங்கள் சனத்துக்கே கணக்கில்லை. நிரப்பிக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். நான் கேட்ட இரு இடங்களிலும் அது கட்டாயமில்லை. ஆனால், இரண்டாவது இடத்தில் ஒரு பேராசிரியர், “உங்கள் ஆய்வு முன்மொழிவில் அதற்கென ஒரு வாரத்தையும் பயணச் செலவையும் எழுதுங்கள், நான் ஆதரிக்கிறேன்” என்றார். அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

நேரில் போக முடியாதவர்களுக்கு

விசாவும் விமானச் சீட்டும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. என் இரு பயணங்களும் வேறு காரணங்களுக்காக ஏற்கனவே அமைந்தவை. போக முடியாதவர்களும் நான் பார்த்தவற்றில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

அனுமதிக் கடிதம் கிடைத்தவுடன், ஒரு வகுப்பை இணையவழியில் பார்க்க முடியுமா என்று மின்னஞ்சல் எழுதுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, அனுமதி கிடைத்த பிறகு அவர்கள்தான் உங்களை அழைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை 9 மணி வகுப்பு என்றால் கோடை நேரத்தில் எங்களுக்கு மாலை 6.30. கட்டாய பாடங்களின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். உதாரணங்கள் எந்த நாடுகளிலிருந்து வருகின்றன என்று பாருங்கள். தெற்காசியாவிலிருந்து போன பழைய மாணவர் இருவரின் தொடர்பைக் கேளுங்கள். ஒருவர் நாடு திரும்பியவராகவும் மற்றவர் திரும்பாதவராகவும் இருக்கட்டும். முதல் வருடம் எவ்வளவு கடன் பட்டார்கள், அறை வாடகை எவ்வளவு, கணிதத்தில் பின்தங்கியவர்களுக்குப் படிப்பு தொடங்கும் முன் தனி வகுப்பு உண்டா என்று நேராகவே கேளுங்கள்.

பிறகு, உங்கள் ஊரின் ஒரு பிரச்சினையை ஐந்து வரியில் எழுதி அங்குள்ள ஒரு விரிவுரையாளருக்கு அனுப்புங்கள். விடுவிக்கப்படாத காணியாக இருக்கலாம், நுண்கடனாக இருக்கலாம், இழுவைமடி மீன்பிடியாக இருக்கலாம். வரும் பதிலில் அனுதாபம் மட்டும் இருக்கிறதா, அல்லது உங்களிடம் திருப்பிக் கேட்கும் கேள்வியும் இருக்கிறதா என்று பாருங்கள். தரவரிசைப் பட்டியல்களில் இது கிடைக்காது.

கால அட்டவணையையும் மனதில் வையுங்கள். செவனிங் விண்ணப்பம் வழமையாக ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் அளவில் மூடப்படும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு விண்ணப்ப முடிவு டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும். அங்கு நிதியுதவியோடு அனுமதி தரும் பல பல்கலைக்கழகங்கள், ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் கொடுப்பதாகத் தங்களுக்குள் உடன்பட்டிருக்கின்றன. அதற்கு முன்னர் யாரும் அவசரப்படுத்தினால், அந்தத் திகதியைக் காட்டி அவகாசம் கேட்கலாம்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது என்றும் பலர் கேட்கிறார்கள். பெரிய பதவியில் இருப்பவர்தான் வேண்டும் என்றில்லை. உங்களோடு வெள்ள நிவாரணப் பட்டியல் தயாரித்த கிராம அலுவலர், நீங்கள் வேலை செய்த பெண்கள் சங்கத்தின் தலைவி, உங்கள் வேலையை நேரில் பார்த்த விரிவுரையாளர் ஆகியோர் எழுதுவதில் உண்மையான விபரங்கள் இருக்கும். தமிழில் எழுதித் தந்தாலும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு வாரமாவது முன்கூட்டி ஒதுக்கிவிடுங்கள்.